நடுவில் ஒன்றுமில்லாத சால்வை

பின்னல்காரி தன் வாழ்நாளில் வெண்பனி விழுந்து பார்த்ததில்லை. அவள் இருந்த ஊரில் குளிர்காலம் என்றால் காலையில் மூடுபனி வரும், மூக்கு ஒழுகும், குழாய்த் தண்ணீர் கையைக் கடிக்கும்; அதோடு சரி. அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நூல் கம்பெனி அம்மா சொன்னார்:

"இந்தத் தடவை பனிக்கால சால்வை ஒண்ணு வேணும்மா. முழுக்க லேஸ் வேலை. பார்த்தாலே குளிரணும்."

சொன்னதோடு நிற்காமல் ஒரு பை நிறைய நூலைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். வெள்ளையும் இல்லை, சாம்பலும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு நிறம். அவ்வளவு மெல்லிய நூலை அவள் அதுவரை தொட்டதில்லை. பக்கத்தில் யாராவது தும்மினால் பறந்துவிடும் போலிருந்தது.

அந்தக் கம்பெனி பெரிதொன்றும் இல்லை. முன்னால் கடை, பின்னால் நூல் சுற்றும் இரண்டு மெஷின், மாடியில் அம்மாவின் மேஜை. நூல் வாங்குகிறவர்களுக்கு, அதை வைத்து என்ன பின்னலாம், எப்படிப் பின்னலாம் என்று அச்சடித்த தாளையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அந்தத் தாளில் இருப்பதை யோசித்துக் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பதுதான் இவள் வேலை. அக்கம்பக்கத்தில் யாருக்கும் அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. "சும்மா வீட்ல உக்காந்து ஸ்வெட்டர் போடுறாங்க" என்பார்கள். அவள் கணவன்தான் பெருமையும் கேலியும் கலந்து "எங்க பின்னல்காரி" என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெயரை நிலைநாட்டிவிட்டான்.

அவனுக்கும் ஊர் ஒரு பெயர் வைத்திருந்தது. குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். அதனால் 'கூலிங்'. அவன் கோபப்பட்டாலும் கூலிங்தான்.

அவர்கள் வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் இருந்தாள். கூலிங்கின் அக்கா. பின்னல்காரிக்கு அண்ணி. ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்த குரல் அவளுடையது. வேலை முடிந்து வந்தாலும் அந்த வாய் மூடாது. தக்காளி விலையைக்கூட வண்டி வருகிற தோரணையில்தான் சொல்லுவாள். அப்படிப்பட்டவளுடைய குரல்நாணில் ஒரு சின்னக் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்ததும் டாக்டர், "கொஞ்ச காலத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. ரகசியமாக்கூட பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

தனியாக இருந்தால் சுவரோடாவது பேசிவிடுவாள் என்று பயந்து, கூலிங் அக்காவைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான். வந்த நாளிலிருந்து ஜன்னலோர நாற்காலி அவளுடையதாயிற்று. யாரையாவது கூப்பிட வேண்டும் என்றால் எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவாள். சொல்ல வேண்டியதை போனில் தட்டச்சு செய்து மூஞ்சிக்கு நேரே நீட்டுவாள். வாய்தான் மூடியிருந்தது, புருவம் இரண்டும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தன.

நூலை வாங்கி வந்த பின்னல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டம் போட்ட தாளை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்தாள். லேஸ் பின்னலில் துளைதான் எல்லாம். ஊசியில் நூலைச் சும்மா ஒரு சுற்று சுற்றினால் அங்கே ஒரு துளை விழும். துளை போட்டால் ஊசியில் ஒரு கண்ணி, அதாவது ஒரு நூல் மடிப்பு, கூடிவிடும் என்பதால் பக்கத்திலேயே இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட வேண்டும். மறந்தால் சால்வை கூடாரம் மாதிரி விரிந்துகொண்டே போகும். துளைக்கு ஒரு வட்டம், சேர்ப்பதற்கு ஒரு சாய்ந்த கோடு, வெறுமனே பின்னுகிற இடத்துக்கு வெற்றுக் கட்டம். இந்த மூன்றை வைத்துக்கொண்டுதான் அவள் இலை, மயில், அலை என்று எத்தனையோ செய்திருக்கிறாள். பனி மட்டும் வரவில்லை. காலண்டர்களிலும் பிஸ்கட் டப்பாக்களிலும் வருகிற ஆறு கால் பனிப்பூவைத்தான் கை வரைந்தது.

"நிஜப் பனியைப் பாக்காம எப்படிங்க வரைவேன்?" என்று கணவனிடம் அழாக்குறையாகக் கேட்டாள்.

"பனியைப் பாக்கணும், அவ்வளவுதானே? நான் தினம் அதுகூடத்தானே குடித்தனம் நடத்துறேன். கிளம்பு" என்றான் அவன்.

கிடங்கில் அவளுக்கு ஒரு பெரிய கோட்டை மாட்டிவிட்டார்கள். கை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. கூலிங் கனமான கதவை இழுத்துத் திறந்து உள்ளே விட்டான். உறையவைத்த பட்டாணிப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அவள் மூச்சு அவளுக்கு முன்னாலேயே புகையாகப் போயிற்று. குழாய்களின் மேல் உறைபனி படிந்து, குட்டிக் குட்டி இறகுகளாக எழுந்து நின்றது. அவள் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் இன்னும் சின்ன இறகுகள், அவற்றின் ஓரத்தில் ஊசிமுனை இறகுகள். பேனா எழுதவில்லை, மை உறைந்துவிட்டது. பென்சிலை எடுத்தாள். விரல் மரத்துப்போகும்வரை வரைந்தாள். கூலிங் கதவைத் திறந்து, "பின்னல்காரி, உன்னையும் பட்டாணி கணக்குல சேர்த்துடுவாங்க, வெளிய வா" என்று கத்தியபோதுதான் அவளுக்குச் சுயநினைவு வந்தது.

வீட்டுக்கு வந்து அந்த இறகுகளைக் கட்டத்தில் இறக்கி, கையகலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னினாள். கணக்கு சரியாக இருந்தது, வடிவம் அழகாக இருந்தது, ஆனாலும் என்னமோ குறைந்தது. அண்ணியிடம் காட்டினாள். அண்ணி துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு போனை எடுத்துத் தட்டி நீட்டினாள்.

'டேபிள்மேல விரிக்கலாம்.'

பின்னல்காரி அதைப் பிரித்து நூலைச் சுற்றிவைத்தாள்.

அடுத்த வாரம் அண்ணியின் மருத்துவச் சான்றிதழை ரயில் நிலையத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டியிருந்தது. கூலிங்குக்கு லீவு இல்லை. பின்னல்காரிதான் போனாள். அன்று காலை மூடுபனி ஊரைச் சுருட்டி வைத்திருந்தது. தெருவில் எதிரே வருகிற சைக்கிள், மணிச் சத்தமாக வந்து பிறகுதான் சைக்கிளாக மாறியது. நிலையத்துக்குள் எள் போட இடமில்லாத கூட்டம், ஆனால் சத்தமே இல்லை. எல்லா வண்டியும் தாமதம். ஜனங்கள் மூட்டைமேல் உட்கார்ந்து, வராத திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அலுவலகத்தில் சான்றிதழைக் கொடுத்துவிட்டு மேடைக்கு வந்தபோது, தலைக்கு மேலே எங்கிருந்தோ அண்ணி பேசினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

பின்னல்காரி தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். யாரும் இல்லை. வெள்ளை வெளேரென்று பனிதான் இருந்தது. அதற்குள்ளிருந்து அந்தக் குரல், தேன் ஊற்றினாற்போல, ஒவ்வொரு ஊரின் பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டே போயிற்று. தாமதத்திற்கு வருந்துகிறோம் என்றது. நிஜமாகவே வருந்துகிற மாதிரி இருந்தது.

பக்கத்தில் கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு நின்ற ஊழியரிடம், "இவங்க... லீவுல இருக்காங்கல்ல?" என்று கேட்டாள்.

"அந்தம்மாவா? அவங்க எப்பவோ எல்லா ஊர் பேரும், நம்பரும் தனித்தனியா படிச்சுக் குடுத்துட்டாங்கம்மா. இப்ப மெஷின் அதை ஒட்டிப் போடுது. இனிமே ஆளே வேணாம்" என்றார் அவர் சாதாரணமாக.

வீட்டில் ஜன்னலோரம் ஸ்பூனும் டம்ளருமாக உட்கார்ந்திருக்கிறவளின் குரல் இங்கே ஆளில்லாமல் உலவிக்கொண்டிருந்தது. பின்னல்காரி ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். விடிந்த பிறகும் மேடை விளக்குகளை அணைக்கவில்லை. கிட்டத்தில் இருந்த விளக்கைச் சுற்றி ஒளி ஒரு வளையமாக நின்றது. அதற்கடுத்தது வெளிறியிருந்தது. அதற்கும் அடுத்தது இருக்கிறதா, நாமே நினைத்துக்கொள்கிறோமா என்று சொல்ல முடியவில்லை. அதற்கப்பால் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததையேதான் எல்லோரும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெடுநேரம் கழித்து அங்கே ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தது. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது.

அவளும் எழுந்தாள். ஆனால் வண்டிக்காக அல்ல. பைக்குள் கைவிட்டுக் கிடைத்த காகிதத்தில் விளக்குகளை வரைய ஆரம்பித்தாள். பனி என்றால் வெண்பனிதான் என்று யார் சொன்னது? அவளுக்குத் தெரிந்த பனி இதுதான். பிறந்ததிலிருந்து மூக்கொழுக அனுபவித்த பனி.

வீட்டுக்கு வந்து சமைக்க மறந்து கட்டங்களை நிரப்பினாள். நீளச் சால்வை. ஒரு முனையில் துளைகள் வளையம் வளையமாக நெருங்கி நிற்கும். உள்ளே போகப் போக வளையங்கள் விலகும், ஒரு வளையத்தில் ஒரு துளை குறையும், அடுத்ததில் இரண்டு. கடைசியில் ஒற்றைத் துளைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். பிறகு நடுவில், தோளிலும் கழுத்திலும் படுகிற இடம் முழுக்க, வெறும் பின்னல். அதைத் தாண்டி மறுபடி ஒரு துளை, இன்னொரு துளை என்று மறுமுனையை நோக்கி விளக்குகள் திரும்பி வரும்.

ஸ்டேஷனில் கேட்டதை மட்டும் அண்ணியிடம் சொல்லவில்லை. "சான்றிதழ் குடுத்துட்டேன் அண்ணி" என்றதோடு நிறுத்திக்கொண்டாள். அண்ணி ஒரு புருவத்தை உயர்த்திப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வரைந்து முடித்த தாளை மாடிக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது கம்பெனி அம்மா கண்ணாடியை ஏற்றி இறக்கினார்.

"ஓரமெல்லாம் ஜோரா இருக்கு. நடுவுல என்னம்மா, ஒண்ணுமே இல்லையே? வரைய மறந்துட்டியா?"

"அதுதான்மா பனி."

"எனக்குப் புரியுது. வாங்குறவங்களுக்குப் புரியணுமே! நடுவுல சின்னதா நாலஞ்சு பனிப்பூ போட்டுவிட்டா நிறைஞ்ச மாதிரி இருக்கும்ல?"

"ஒரு சால்வை பின்னிப் பார்த்துடறேன்மா. அப்புறம் சொல்லுங்க" என்று தாளைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

வரைந்தவளே பின்னினால் தாளில் உள்ள தப்பு தெரியாது. கை தானாகச் சரிசெய்துகொண்டு போய்விடும். அதனால் வேறொருவர் பின்னிப் பார்க்க வேண்டும். பின்னல்காரி அண்ணியின் முன்னால் ஊசியையும் நூலையும் வைத்தாள். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே அறிவிப்பு அறையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிப் பழகிய கை அது. அண்ணி உடனே எடுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு வீடே வேறு மாதிரி ஆயிற்று. காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து நூலில் உட்காரும். ஊசிகள் உரசுகிற சத்தம் தூரத்தில் யாரோ அரிசி புடைப்பது போலக் கேட்டுக்கொண்டிருக்கும். பின்னல்காரி எதிரே உட்கார்ந்து வேறு வேலை பார்ப்பாள். இருவருக்கும் நடுவே சால்வை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அண்ணியின் மடியில் சுருண்டு படுத்தது. சில நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால், பின்னுவது யார், பார்ப்பது யார் என்றே மறந்துவிடும். தெருவில் போகிற வண்டிச் சத்தம்கூட எங்கோ வேறொரு ஊரில் கேட்பது போலிருக்கும்.

ஒருநாள் கூலிங் சமையலறைக்குள் வந்து குரலைத் தாழ்த்தினான். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அக்கா பேசலாம்னு டாக்டர் எப்பவோ சொல்லிட்டார்."

"என்னங்க சொல்றீங்க?"

"ஆமா. மெதுவா ஆரம்பிக்கச் சொன்னாராம். போன வாரம் நான் மாத்திரை வாங்கப் போனப்பதான் அவரே கேட்டார், 'அக்கா இப்ப எப்படிப் பேசுறாங்க'ன்னு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை."

"நீங்க அண்ணிகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். டம்ளரைத் தட்டுனா. ஒரே தட்டு. எனக்கு நல்லாப் புரிஞ்சுது. வாயை மூடுன்னு அர்த்தம்."

பின்னல்காரி கூடத்தை எட்டிப் பார்த்தாள். அண்ணி நடுப்பகுதிக்கு வந்திருந்தாள். வட்டமும் கோடும் இல்லாத வெற்றுக் கட்டங்கள். அங்கே தாளைப் பார்க்கவே வேண்டாம். கண்ணை ஜன்னலில் வைத்துக்கொண்டு கைபோன போக்கில் பின்னிக்கொண்டிருந்தாள். முகத்தில் அதுவரை இல்லாத ஓர் அமைதி இருந்தது. பேசச் சொல்லி அவளை எழுப்புவது, நல்ல தூக்கத்தில் இருப்பவளை உலுக்குகிற மாதிரி இருக்கும் என்று இவளுக்குத் தோன்றியது.

"விடுங்க. அவங்களுக்கே தோணும்" என்றாள்.

வெறும் பின்னல் நாட்கணக்கில் நீண்டது. மூடுபனியும் விடுவதாக இல்லை. பிறகு, நடுப்பகுதி முடிந்து துளைகள் மறுபடி தொடங்கியிருந்த ஒரு முற்பகலில், பின்னல்காரி கொல்லைக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது, தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டி யாரோ கூப்பிட்டது போலிருந்தது. கரகரத்த, தாழ்ந்த குரல். குழாயை மூடினாள். மறுபடி கேட்டது.

"யாருங்க? இதோ வரேன்!" என்று ஈரக்கையைத் துடைத்தபடி ஓடி வாசல் கதவைத் திறந்தாள். வாசலில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. அதுவும் அவளை விசாரிப்பது போலப் பார்த்தது.

"கதவை ஏன்டி திறக்கிறே? இங்க வா. ஒரு கண்ணி அதிகமா இருக்கு!"

பின்னல்காரி அப்படியே நின்றுவிட்டாள். மெதுவாகத் திரும்பினாள். அண்ணி தாளில் ஒரு வரிசையின்மேல் விரலை வைத்திருந்தாள். டம்ளர் தரையில் உருண்டு கிடந்தது.

"எவ்வளவு நேரம் தட்டுறது? காதுல விழவே இல்லையா? இங்க பார், துளை போட்டிருக்கே, சேர்க்கிற கோடு போட மறந்துட்டே. மூணு தடவை எண்ணிட்டேன். கண்ணி கூடிக்கிட்டே..."

அப்போதுதான் அண்ணிக்கே உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பின்னல்காரிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சிரிப்பும் கூடவே வந்தது.

"யாரோ ஆம்பளை கூப்பிடுறாங்கன்னு நினைச்சேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அண்ணி கையை எடுத்தாள். ஒரு கணம் முகம் சுருங்கியது. அடுத்த கணம் தோள் குலுங்க ஆரம்பித்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பும் புதிதாக இருந்தது, மரப்படியில் யாரோ இறங்கி வருவது போல. சிரித்து முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஸ்டேஷன்ல என் குரல் ஓடுதுல்ல?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. நான்தானே படிச்சுக் குடுத்தேன். அன்னைக்கு நீ போய்ட்டு வந்து என் மூஞ்சியையே பாக்கலை, அதுலேயே தெரிஞ்சுபோச்சு. நல்லா இருந்துச்சா?"

பின்னல்காரி பொய் சொல்ல நினைத்தாள். முடியவில்லை. "ரொம்ப நல்லா இருந்துச்சு அண்ணி. பனிக்குள்ள நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

"அதான் பயம். ஊரு முழுக்க அதைக் கேட்டுட்டிருக்கும்போது நான் வாயைத் திறந்து இந்தத் தகர டப்பாச் சத்தம் வந்தா?" அண்ணி ஊசியை எடுத்து, தப்பான வரிசையைக் கண்ணி கண்ணியாகப் பிரித்துக்கொண்டே பேசினாள். "இந்த நடு இடத்தைப் பின்னும்போது ஒருநாள் தோணுச்சு. சும்மா இருக்கிறதும் நல்லாத்தான் இருக்கு, ஆனா இப்படியே இருந்துடவும் முடியாதுன்னு. பேசணும்னு முடிவெல்லாம் பண்ணலை. உன் தப்பைப் பார்த்ததும் வாய் தானா வந்துடுச்சு."

பின்னல்காரி பென்சிலை எடுத்து விடுபட்ட கோட்டைப் போட்டாள்.

சாயங்காலம் கூலிங் வந்ததும் அக்கா, "ஏன்டா லேட்டு?" என்று கேட்டாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். அன்று அவளைத் தூங்க அனுப்பியது பெரும்பாடாகிவிட்டது. டாக்டர் மெதுவாக ஆரம்பிக்கச் சொன்னதை யாரும் நினைவுபடுத்தத் துணியவில்லை.

சால்வை ஊசியிலிருந்து இறங்கிய அன்று பார்க்கச் சகிக்கவில்லை. கசங்கிய கரித்துணி மாதிரி இருந்தது. லேஸ் அப்படித்தான். நனைத்து, இழுத்து விரித்து, ஓரத்தில் குண்டூசி குத்திக் காயவைத்தால்தான் துளை கண்ணைத் திறக்கும். வீட்டில் அவ்வளவு நீளத்துக்குத் தரை இல்லாததால் கட்டிலைத் தூக்கி நிறுத்திவிட்டுப் பாயும் போர்வையும் விரித்தார்கள். ஈரச் சால்வையை ஒரு பக்கம் கூலிங் பிடித்துக்கொள்ள, மறுபக்கம் அண்ணி இழுக்க, பின்னல்காரி முட்டி போட்டு ஓரம் முழுக்க ஊசி குத்திக்கொண்டு வந்தாள். "மெல்ல, மெல்லடா! பட்டாணி மூட்டையா இது?" என்று அண்ணி அதட்டினாள்.

ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு வளையம் விரிந்தது. முனையில் பளிச்சென்று, பிறகு மங்கி, பிறகு ஒற்றைப் புள்ளிகளாகி, நடுவில் ஈரத்தின் மினுமினுப்பு மட்டும். மதிய வெயில் அதன்மேல் விழுந்தபோது அறையில் மெல்லிய ஆவி எழுந்தது. மூவரும் சுவரோரம் உட்கார்ந்து பார்த்தார்கள். யாருக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. அண்ணிகூட அப்போது பேசவில்லை.

கம்பெனி அம்மா நேரிலேயே வந்தார். காய்ந்த சால்வையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு தோளில் போட்டுக்கொண்டார். வெறும் பின்னல் கழுத்தைச் சுற்றி மெத்தென்று படிய, விளக்குகள் இரண்டு பக்கமும் இறங்கின. கண்ணாடி முன்னால் அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்தார்.

"பனிப்பூ போடலாம்னு சொன்னேனே..." என்று இழுத்தார்.

"போட்டுக்கலாம்மா. ஆனா அங்க போட்டா துளை வழியா கழுத்துல குளிரடிக்கும்" என்றது ஒரு கட்டைக் குரல்.

அம்மா திடுக்கிட்டு, யார் பேசியது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். அண்ணி அசையாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

தாள் அச்சாயிற்று. எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. "நடுவுல தூக்கம் வருது" என்று சிலர் கடையில் வந்து சொன்னார்களாம். "அந்த இடத்துலதான் நான் டி.வி. பாக்காம, யாரையும் திட்டாம, என்பாட்டுக்கு இருந்தேன்" என்று ஒருத்தி சொன்னாளாம். அம்மா இரண்டையும் அப்படியே வந்து சொன்னார். பின்னல்காரிக்கு இரண்டும் ஒன்றுதான் என்று பட்டது.

பின்னிய சால்வையை அண்ணியே வைத்துக்கொண்டாள். குளிர் முடிவதற்குள் வேலைக்கும் திரும்பினாள். மைக் முன்னால் இல்லை, விசாரணை கவுன்டரில். அங்கே போன் ஓயாமல் அடிக்கும். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் எடுத்ததுமே "சார்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். முதலில் சில நாள் "சார் இல்லை, மேடம்" என்று திருத்திக்கொண்டிருந்தாள். இப்போது விட்டுவிட்டாள். நேரில் வருகிறவர்களிடம்தான் வேடிக்கை. கவுன்டருக்கு வந்து குனிந்து, கேட்ட கேள்விக்கு அந்தக் குரலில் பதில் வந்ததும், சால்வை போர்த்திய அம்மாளுக்குப் பின்னால் வேறு யாரோ ஒளிந்திருப்பது போல எட்டிப் பார்ப்பார்களாம்.

"எட்டிப் பாத்துக்கட்டும். வண்டி எப்ப வரும்னு நான்தானே சொல்லணும்" என்பாள் அண்ணி, வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு. பிறகு அன்று வந்தவர் போனவர் கதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஆரம்பிப்பாள். கூலிங் மெல்ல நழுவிவிடுவான். பின்னல்காரி மட்டும் மடியில் ஏதோ ஒரு நூலை வைத்துக்கொண்டு, "ம்... அப்புறம் அண்ணி?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.